அரை மீற்றர் கடலை அளக்க எந்த வழி?

திருகோணமலையில் வற்றுப்பெருக்கு பெரிதில்லை. உட்துறைமுகத்துக் கல்லணையில் பாசி பிடித்த கோட்டைப் பார்த்தாலே விளங்கும். அமாவாசை, பறுவ நாட்களில்கூடக் கடல் ஏறி இறங்குவது சுமார் அரை மீற்றர்தான். எங்கள் குழு ஒரு குட்டிச் செய்மதியை வரைந்து பார்க்கத் தொடங்கிய நாளில் பலகையில் முதலில் எழுதிய எண் அது: 0.5 மீற்றர். இன்னும் அதை அழிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் தெரிவுகள் எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தோம்.

குழு என்றால் பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. ஞாயிறு பின்னேரங்களில் உப்புவெளியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேர். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், கம்பஸ் பிள்ளைகள் சிலர், அவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த நான். 2019 ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ராவணா 1 வெளியே விடப்பட்டபோது இவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். ஒரு கிலோ எடையுள்ள ஒரு பெட்டி நம் நாட்டின் பெயரில் பூமியைச் சுற்றியது என்பது அவர்கள் மனதில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அவர்கள் வரைந்திருப்பது அதைவிட மூன்று மடங்கு நீளமான பெட்டி: 10க்கு 10க்கு 30 சென்ரிமீற்றர், 500 கிலோமீற்றர் உயரத்தில், துருவங்களுக்கு மேலாகச் சுற்றுவது. கடதாசியில்தான் இருக்கிறது. ஆனால் கடதாசியில் தவறாகத் தெரிந்தெடுத்ததை வானத்தில் போய்த் திருத்த முடியாது.

செய்மதியின் வேலை திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் நீர்மட்டத்தை மேலிருந்து அளப்பது. ஜிபிஎஸ் செய்மதியின் சமிக்ஞை எங்கள் பெட்டிக்கு நேராகவும் வரும், கடலில் பட்டுத் தெறித்தும் வரும். இரண்டு பாதைகளின் நீள வித்தியாசத்திலிருந்து கடலின் உயரத்தைக் கணக்கிடலாம். குடாவைப் போல அலை குறைந்த நீரில், சமிக்ஞை சாய்வாகத் தொட்டுப் போகும்போது இது நன்றாக வரும். ஆனால் செய்மதி தான் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். அதில் 1 மீற்றர் பிழைத்தால் கடலின் உயரத்திலும் கிட்டத்தட்ட 1 மீற்றர் பிழைக்கும். எங்கள் வற்றுப்பெருக்கு முழுவதும் அதற்குள் காணாமல் போய்விடும்.

ஆகவே பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. செலவே இல்லாத வழியில் தொடங்கினோம். அமெரிக்க ராடார்கள் வானத்தில் சுற்றும் பொருட்களைக் கண்காணித்து, ஒவ்வொன்றின் பாதையையும் இரண்டு வரி எண்களாக வெளியிடுகின்றன. யாரும் எடுக்கலாம். அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது, செய்மதி எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு இது தாராளமாகப் போதும். ஆனால் வெளியிட்ட அன்றே 1 கிலோமீற்றர் அளவில் பிழை இருக்கும், நாளுக்கு நாள் அது கூடும். எங்களுக்கு வேண்டியது சென்ரிமீற்றர். இதைப் பற்றி அதிகம் கதைக்க வேண்டியதில்லை.

அடுத்தது டொப்ளர்: செய்மதி நெருங்கும்போது அதன் சமிக்ஞையின் மீடிறன் கூடியும் விலகும்போது குறைந்தும் வருவதை அளப்பது. இதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, காரணம் இதைப் பிள்ளைகள் தங்கள் காதாலேயே கேட்டார்கள். கையால் பிடிக்கும் யாகி அன்டெனா ஒன்றை அலுமினியக் குழாயில் செய்து, மொட்டைமாடியிலிருந்து 437 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஒலிபரப்பும் அமெச்சூர் செய்மதி ஒன்றைப் பிடித்தோம். வடக்கே நிலாவெளிப் பக்கம் எழும்பி வரும்போது மீடிறன் 10 கிலோஹேர்ட்ஸ் அளவு கூட இருந்தது. தலைக்கு மேலே வந்ததும் சறுக்கிக்கொண்டு இறங்கியது. தெற்கே மூதூர்ப் பக்கம் மறையும்போது அதே அளவு குறைந்திருந்தது. அந்த வளைகோட்டின் வடிவத்துக்குள் செய்மதியின் பாதையே இருக்கிறது. 1957இல் ஸ்புட்னிக் பறந்தபோது ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் இரண்டு பேர் இதைத்தான் செய்தார்கள். பிறகு அதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: செய்மதியின் பாதை தெரிந்திருந்தால், கேட்பவன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அதிலிருந்து பிறந்த டிரான்சிட் என்ற செய்மதி வழிகாட்டு முறைதான் ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடி. சரி, எங்கள் தேவைக்கு? ஒரே ஒரு நிலையத்திலிருந்து டொப்ளர் அளந்தால் கிலோமீற்றர் அளவில்தான் பதில் வரும். பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை, கடலை அளக்க உதவாது.

இதே டொப்ளரைச் சென்ரிமீற்றர் அளவுக்குக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். டோரிஸ் என்ற அவர்களுடைய முறையில், உலகம் முழுக்கப் பரவிய சுமார் 60 நிலக் கலங்கரைகள் ஒலிபரப்ப, செய்மதி கேட்கும். மிக அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் கருவி பெரிய செய்மதிகளுக்கு உரியது, எங்கள் பெட்டிக்குள் அதற்கு இடமில்லை.

மிஞ்சுவது லேசரும் ஜிபிஎஸ்ஸும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன் 1992க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து அனுப்பிய டோபெக்ஸ் பொசெய்டன், கடலின் உயரத்தை ராடாரால் அளப்பதற்காக 1,336 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியது. லேசர் கண்ணாடிகள், டோரிஸ், பரீட்சார்த்தமாக ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. உயரத்தில் 13 சென்ரிமீற்றருக்குள் பிழை இருந்தால் போதும் என்றுதான் திட்டமிட்டிருந்தார்கள். கிடைத்ததோ 3 சென்ரிமீற்றர் அளவு. மூன்று முறைகளும் தனித்தனியாகச் சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தபடியால்தான் அந்த எண்ணை எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பின் வந்த ஜேசன் 1 அதை 1 சென்ரிமீற்றர் வரை இறக்கியது.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணித்தியாலங்களுக்குப் பின், டோபெக்ஸ் பொசெய்டனும் ஜேசன் 1உம் இந்து சமுத்திரத்துக்கு மேலாகக் கடந்து போயின. ஆழ்கடலில் ஓடிக்கொண்டிருந்த சுனாமி அவற்றின் அளவீட்டில் பதிந்தது. உயரம் 60 சென்ரிமீற்றர் அளவு. எங்கள் கரையில் வீடுகளையும் மனிதர்களையும் கொண்டுபோன கடல், நடுச்சமுத்திரத்தில் ஒரு முழங்கை நீளத்தைவிடச் சற்றே உயரமாக இருந்தது. அந்தத் தரவு நிலத்துக்கு வந்து பார்க்கப்படுவதற்குப் பல மணித்தியாலம் போயிற்று, எச்சரிக்கையாக அது பயன்படவில்லை. ஆனாலும் சுனாமி ஆழ்கடலில் எப்படி நகர்கிறது என்பதை அதற்குப் பின் கணித்தவர்களுக்கு அது பெரிய ஆதாரமாயிற்று. செய்மதியின் பாதையில் 1 மீற்றர் தடுமாற்றம் இருந்திருந்தால் அந்த 60 சென்ரிமீற்றரை நம்பிப் பிரித்தெடுப்பது கடினமாக இருந்திருக்கும். சுனாமியில் அம்மம்மாவை இழந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். சென்ரிமீற்றரை விட்டுக்கொடுக்காமல் வாதாடுபவள் அவள்தான்.

லேசரின் பலம் அதன் எளிமை. செய்மதியில் சில மூலைக் கண்ணாடிகள் இருந்தால் போதும். நிலத்திலிருந்து வரும் ஒளித்துடிப்பை வந்த வழியே திருப்பும். மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம், பழுதாக ஒன்றுமில்லை. செய்மதி செத்துப் போனாலும் கண்ணாடி வேலை செய்யும். தூரம் மில்லிமீற்றர் அளவில் கிடைக்கும். பலவீனம், அது எப்போதாவதுதான் கிடைக்கும் என்பது. வானம் மூடியிருந்தால் இல்லை, நிலையத்துக்கு நேரமில்லை என்றாலும் இல்லை. 500 கிலோமீற்றரில் ஓடும் செய்மதி ஒரு நிலையத்துக்குச் சில நிமிடங்கள்தான் தெரியும். அவ்வளவு தாழ்வில் காற்றின் இழுவை பாதையை இடைவிடாமல் கலைத்துக்கொண்டிருக்கும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் தூரங்களை வைத்து முழுப் பாதையையும் கட்டுவது கடினம்.

ஜிபிஎஸ் அதற்கு நேர்மாறு. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அந்தச் செய்மதிகள் பூமியை நோக்கி ஒலிபரப்புகின்றன. கீழே 500 கிலோமீற்றரில் ஓடும் எங்கள் பெட்டிக்கு மேகமும் இல்லை, கட்டடமும் இல்லை. எந்த நேரமும் பத்துச் செய்மதிகள் அளவில் தெரியும். கடலுக்கு மேலும், துருவத்துக்கு மேலும், இரவும் பகலும் அளவீடு வந்துகொண்டே இருக்கும். சரி, ஜிபிஎஸ்தான் என்று முடிவெடுத்துவிட்டோம் என்று நினைத்த அன்றைக்குத்தான் உண்மையான வாக்குவாதம் தொடங்கியது. ஜிபிஎஸ் என்பது ஒரு தெரிவு இல்லை, குறைந்தது மூன்று.

முதலாவது, ரிசீவர் தானே சொல்லும் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. எங்கள் பக்கத்து மீனவ மாமா கைக்கருவி ஒன்றில் கடலுக்கடியில் பார் (பாறைத் திட்டு) இருக்கும் இடங்களைப் பதிந்து வைத்திருக்கிறார். 5 மீற்றர் முன்பின் இருந்தாலும் வலை சரியாகத்தான் விழும். செய்மதியிலும் இந்த வகையில் சில மீற்றர் கிடைக்கும். படம் பிடிக்கும் செய்மதி என்றால் நான் இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், மேலே செலவழிப்பது வீண். ஆனால் இதிலும் கடையில் வாங்கும் சாதாரணத் துண்டு உதவாது. 18 கிலோமீற்றர் உயரத்துக்கு மேல், செக்கனுக்கு 515 மீற்றருக்கு மேல் போனால் பதில் சொல்லாதபடி பழைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின்படி பல ரிசீவர்களைப் பூட்டியிருக்கிறார்கள். எங்கள் பெட்டி செக்கனுக்கு 7.6 கிலோமீற்றர் ஓடும். டொப்ளர் பெயர்ச்சியும் நிலத்தில் 5 கிலோஹேர்ட்ஸ் அளவு என்றால் அங்கே 40 வரை போகும். விண்வெளிக்கென்று செய்த மென்பொருள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் ரிசீவரின் பதிலை நம்புவதில்லை. அது அளந்த பச்சைத் தரவை நிலத்துக்கு இறக்கி, ஆறுதலாக இருந்து கணக்கிடுபவை. இங்கே முக்கியமானது காவி அலை, அதாவது சமிக்ஞையின் குறியீட்டைச் சுமந்துவரும் வானொலி அலை. ஜிபிஎஸ்ஸின் முதல் மீடிறனான எல் 1 சமிக்ஞையின் அலைநீளம் 19 சென்ரிமீற்றர். நல்ல ரிசீவர் அதன் அவத்தையை, அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, நூற்றில் ஒரு பங்கு வரை, அதாவது 2 மில்லிமீற்றர் அளவுக்குப் பிரித்தறியும். எத்தனை முழு அலைகள் இடையில் இருக்கின்றன என்பது மட்டும் தெரியாது, அதைக் கணக்குக் கண்டுபிடிக்கும். இதோடு சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செய்மதி முறைகளின் பொதுப்பெயர்) சேவை 1994 முதல் இலவசமாக வெளியிடும் ஜிபிஎஸ் செய்மதிகளின் திருத்தமான பாதைகளும் கடிகாரத் திருத்தங்களும் வேண்டும். அவற்றில் கடைசித் திருத்தம் சுமார் இரண்டு வாரம் கழித்து வரும், 2, 3 சென்ரிமீற்றர் தரம். நாங்கள் அவசரப்படவில்லை. ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பிய முறையான கலிலியோ 2023 முதல் உயர் துல்லியத் திருத்தங்களை வானிலிருந்தே இலவசமாக ஒலிபரப்புகிறது. செய்மதி அந்தந்தக் கணத்திலேயே தன் இடத்தை அறிய வேண்டிய தேவை இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

ஜிபிஎஸ் செய்மதி ஒலிபரப்பும் மீடிறன்களில் ஒன்றை மட்டும் கேட்பது இரண்டாவது வழி, இரண்டைக் கேட்பது மூன்றாவது. ஒற்றை மீடிறனா, இரட்டை மீடிறனா என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்தது. மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற பகுதியான அயனமண்டலம் சமிக்ஞையின் குறியீட்டைத் தாமதிக்கும், காவி அலையின் அவத்தையை அதே அளவு முந்தச் செய்யும். ஆகவே இரண்டின் சராசரியை எடுத்தால் அயனமண்டலம் கழிந்துவிடும்! இதை வைத்து ஒற்றை மீடிறன் ரிசீவரிலேயே சில பத்துச் சென்ரிமீற்றருக்குள் பாதையைக் கட்டலாம். கம்பஸ் படிக்கும் தம்பி ஒருவன் இதற்காக உறுதியாக வாதாடினான். மின்சாரம் அரைவாசி, விலை அதைவிடக் குறைவு, அன்டெனா சிறிது. அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் சராசரியில் குறியீட்டின் இரைச்சலில் பாதி வந்து சேர்கிறது, அது அவத்தையின் இரைச்சலைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிது. பலகையில் இருப்பது 0.5 மீற்றர். அதற்குள் 30 சென்ரிமீற்றர் பிழையை வைத்துக்கொண்டு கடலைப் பற்றி நான் எதையும் சொல்ல மாட்டேன்.

இரட்டை மீடிறனில் அயனமண்டலத்தின் தாமதம் இரண்டு அலைகளிலும் வேறுபடுவதை வைத்தே அதைக் கழிக்கலாம். இரைச்சல் சுமார் மூன்று மடங்காகும், ஆனால் மில்லிமீற்றரின் மூன்று மடங்கும் மில்லிமீற்றர்தான். சில சென்ரிமீற்றர் அளவுக்குப் பாதை கிடைக்கும்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்துக்குரிய மத்திய கோடான காந்த மத்திய கோடு எங்களுக்கு அருகாகப் போகிறது. கிட்டத்தட்ட இதே அகலக்கோட்டில் கேரளத்தில் உள்ள தும்பாவை 1960களில் இந்தியா ரொக்கட் தளமாகத் தெரிந்ததும் அந்தக் கோடு காரணமாகத்தான். சூரியன் இறங்கிய பின் இந்தப் பகுதியின் அயனமண்டலம் குமிழ் குமிழாகக் குழம்பும். ஐரோப்பாவின் ஸ்வார்ம் செய்மதிகளே காந்த மத்திய கோட்டின் இருபுறமும் ஜிபிஎஸ் பிடியை அடிக்கடி இழந்தன. ரிசீவரின் அமைப்புகளை மாற்றித்தான் அதைக் குறைத்தார்கள். நாங்கள் ஓர் இரட்டை மீடிறன் ரிசீவரை மாடியில் இரவு ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை ஓடவிட்டோம். எட்டரைக்குப் பின் திரையில் சமிக்ஞைப் பட்டைகள் நடுங்கத் தொடங்கின. முதலில் அறுந்தது இரண்டாவது மீடிறன். வானத்தில் ஒரு மேகம் இல்லை, கோணேசர் கோயில் விளக்கு தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அங்கே கொந்தளித்துக்கொண்டிருந்தது.

அப்படி அறுந்த நிமிடங்களில் என்ன செய்வது? இங்கேதான் கணக்கிடும் முறையும் ஒரு தெரிவாகிறது. ஒவ்வொரு கணத்துக்கும் அளவீட்டை மட்டும் வைத்து இடத்தைக் கண்டால், அளவீடு இல்லாத இடத்தில் பாதையும் இல்லை. விசைகளை மட்டும் நம்பினால், காற்றின் இழுவையை எவரும் சரியாகக் கணிக்க முடியாது. நடுவழி இருக்கிறது: புவியீர்ப்பு, சந்திரன், சூரியன், இழுவை எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, அவற்றில் விடுபட்டதைச் சின்னச் சின்ன ஆர்முடுகல்களாக அளவீட்டிலிருந்தே மதிப்பிடுவது. அளவீடு அறுந்தால் பௌதிகம் கொஞ்ச நேரம் கைபிடித்துக் கொண்டுபோகும். டோபெக்ஸ் காலத்திலேயே இந்த முறை தன்னை நிரூபித்துவிட்டது, நாங்களும் இதைத்தான் எடுக்கிறோம்.

புவியீர்ப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உப்புவெளிக் கடற்கரையில் தண்ணீர் காலில் படும்படி நின்று, ஜிபிஎஸ்ஸின் பச்சை உயரத்தைக் காட்டும் செயலியைப் பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள். பூச்சியத்துக்கு 90 மீற்றருக்கும் கீழே என்று காட்டியது. போன் பழுதா சேர் என்று கேட்டார்கள். பழுதில்லை. பூமியை ஒழுங்கான நீள்கோளமாக எடுத்தால், இலங்கையைச் சுற்றியுள்ள கடல் உண்மையாகவே அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் எங்களுக்குத் தெற்கே, சுமார் 106 மீற்றர். செய்மதி இதற்கு மேலாகப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் பாதை இதை உணரும். 2002இல் ஏவிய கிரேஸ், 2009இல் ஏவிய கோசே போன்ற செய்மதிகள் தந்த ஈர்ப்புப் படங்கள் இல்லாமல் எங்கள் கணக்கு நகராது. அந்தச் செய்மதிகளும் தங்கள் பாதையை ஜிபிஎஸ்ஸால்தான் அறிந்தன.

தம்பி சொன்ன மின்சாரக் கணக்கை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. இரட்டை மீடிறன் ரிசீவர் 1 முதல் 2 வாட் கேட்கும், எங்கள் சூரியத் தகடுகளுக்கு அது பாரம். அதைவிடத் தரவு இறக்குவதுதான் இடறியது. பத்துச் செய்மதி, ஒவ்வொன்றுக்கும் 40 பைட், 30 செக்கனுக்கு ஒரு தடவை என்றால் நாளுக்கு 1.15 மெகாபைட். செக்கனுக்கு 9,600 பிட் வேகத்தில் பத்து நிமிடக் கடப்பில் அதிகபட்சம் 720 கிலோபைட் இறங்கும், நடைமுறையில் பாதி. மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் எங்களுக்கு நாளொன்றுக்கு நாலு கடப்புகள்தான், அதிலும் சில அடிவானத்தை ஒட்டிப் போவன. மயிரிழையில்தான் போதும். ஆகவே 60 செக்கனுக்கு ஒன்று என்று மாற்றினோம். பௌதிகம் இடைவெளியை இணைப்பதால் பாதையின் தரம் பெரிதாகக் குறையாது. குடாவுக்கு மேல் போகும் சில நிமிடங்களுக்கு மட்டும் நெருக்கமாகப் பதியலாம்.

ஆக, எங்கள் தெரிவு இரட்டை மீடிறன் ரிசீவர், பச்சைத் தரவு, இரண்டு வாரம் பொறுத்து நிலத்தில் கணக்கு. லேசரை விட்டுவிட்டோமா? இல்லை. அதற்குக் காரணம் ஒரு வேணியர் இடுக்கி. அலுமினிய மாதிரிப் பெட்டியில் அன்டெனா நடுப்புள்ளி திணிவு மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு பேரை அளக்கச் சொன்னேன். இருவரின் பதிலுக்கும் 4 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒருத்தி உறையின் விளிம்பிலிருந்து அளந்திருந்தாள், மற்றவன் தகட்டிலிருந்து. உண்மையில் சமிக்ஞை வந்து சேரும் மையம் இரண்டிலும் இல்லை, வரும் திசையைப் பொறுத்து நகரும். இப்படியொரு பிழை ஜிபிஎஸ் கணக்குக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஜிபிஎஸ்ஸோடு தொடர்பில்லாத இன்னோர் அளவு வந்து சொன்னால்தான் அது வெளியே தெரியும். வருடத்தில் சில தடவை லேசர் நிலையங்கள் எங்கள் பெட்டியைப் பார்த்தாலே அதற்குப் போதும். சில பத்துக் கிராம் கண்ணாடிக்கு இது பெரிய கூலி.

சிக்கல் இடத்தில்தான். தெறித்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் அன்டெனாவும் பூமியைப் பார்க்க வேண்டும், கண்ணாடியும் பூமியைப் பார்க்க வேண்டும். 10க்கு 30 சென்ரிமீற்றர் பக்கத்தில் இரண்டையும் எப்படி அடுக்குவது என்று வரும் ஞாயிறு மட்டையை வெட்டி வைத்துப் பார்க்கப்போகிறோம். தம்பி ஒரு வரைபடத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.